மண்டைக்கு வாரிசு இல்லை

கேரி குட்ரிட்ஜின் தலையில் விழுந்த அடிகளெல்லாம் பத்திரமாக இருக்கின்றன. யாரும் கவலைப்பட வேண்டாம். எந்த ஊரில், எந்த ஆண்டில், யாருடைய கை அவருடைய எந்தக் கன்னத்தில் போய் இறங்கியது என்பதெல்லாம் படமாக்கப்பட்டு, தூசு தட்டப்பட்டு, தேதிவாரியாக அடுக்கப்பட்டிருக்கிறது. அதில் கணிசமான பகுதி, லாஸ் வேகாஸில் தலைமையகம் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் சொத்து. சந்தா கட்டினால் பார்க்கலாம். நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். ஒருமுறை பார்த்தது போதவில்லை என்றால் திருப்பி ஓட்டியும் பார்க்கலாம். அந்தத் தலையின் சொந்தக்காரருக்கு மட்டும் 2012-இல், 46 வயதில், மருத்துவர்கள் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஓயாமல் அடிபட்டதால் வருகிற மூளைச் சிதைவு. குத்துச்சண்டைக்காரர்களுக்கென்றே மருத்துவ நூல்களில் தனி இடம் பிடித்திருக்கும் மறதி நோய். சற்றுமுன் நடந்தது அவருக்கு நினைவில் நிற்பதில்லை.

நிறுவனத்துக்குத்தான் எல்லாம் நினைவிருக்கிறதே, பிறகென்ன?

கலப்புத் தற்காப்புச் சண்டை என்று தமிழில் மரியாதையாகச் சொல்கிறோம். குத்தலாம், உதைக்கலாம், கட்டிப்பிடித்துத் தரையில் சாய்க்கலாம், சாய்ந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து முகத்தைப் பதம் பார்க்கலாம், கழுத்தை நெரிக்கலாம், மூட்டைப் பிசகவைக்கலாம். எம்.எம்.ஏ. என்று மூன்றெழுத்தில் சொன்னால் பள்ளிக்கூடப் பையனுக்கும் புரிகிறது. 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் யு.எஃப்.சி. என்ற பெயரில் முதல் போட்டி நடந்தபோது கடிக்கக் கூடாது, கண்ணை நோண்டக் கூடாது என்பதற்குமேல் பெரிதாக விதி எதுவும் இல்லை. எடைப் பிரிவு கிடையாது. கையுறை கட்டாயம் இல்லை. சூமோக்காரரின் எதிரே உதைக்கிறவரை நிறுத்தினார்கள். எந்தக் கலை உயர்ந்தது என்று கண்டறியும் ஆராய்ச்சியாம். ஆராய்ச்சிக்கு டிக்கெட் விற்றார்கள், கேபிளில் தனிக்கட்டணமும் வாங்கினார்கள்.

குட்ரிட்ஜ் 1966-இல் டிரினிடாடில் பிறந்து, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பாரி என்ற ஊரில் வளர்ந்தவர். நெடுநெடுவென்ற ஆள், அகன்ற தோள். மேசையில் முழங்கையை ஊன்றி எதிராளியின் கையைச் சாய்க்கிற கைமல்யுத்தத்தில் உலகப் பட்டம் பெற்றவர். பிழைப்புக்கு ஹோண்டா கார்த் தொழிற்சாலையில் வேலை. சண்டைக்கலை என்று சொல்லிக்கொள்ளும்படி ஆழமாக எதையும் கற்றவர் இல்லை. ஆனால் எட்டாவது யு.எஃப்.சி.க்கு அவரை எடுத்துக்கொண்டார்கள். ஏதாவது ஒரு கலையின் பெயரைச் சொல்லித்தானே மேடையேற வேண்டும்? குக் சூல் வோன் என்ற கொரியக் கலையைச் சொல்லித்தரும் பள்ளி ஒன்று முன்வந்தது. எங்கள் உடையைப் போட்டுக்கொண்டு போ. கறுப்புப் பட்டையும் தருகிறோம், இலவசப் பயிற்சியும் தருகிறோம் என்றது. பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் வியர்வை சிந்தி வாங்குகிற பட்டையை, விளம்பரத் தட்டியாக நிற்கச் சம்மதித்த கூலியாக அவர் வாங்கிக்கொண்டார். இந்தத் தொழிலில் என்னென்ன விலைக்குக் கிடைக்கும் என்கிற பாடம் முதல் நாளே நடந்து முடிந்துவிட்டது.

1996 பிப்ரவரி 16. புவேர்ட்டோ ரிக்கோவின் பயமோன் நகரம். அன்றைய போட்டிக்கு வைத்த தலைப்பு 'தாவீதும் கோலியாத்தும்'. அதாவது சின்ன உடம்புக்காரனையும் பெரிய உடம்புக்காரனையும் தேடிப் பிடித்து ஜோடி சேர்த்திருந்தார்கள். வேதாகமத்தில் தாவீதிடம் கவணாவது இருந்தது. இங்கே அதுவும் இல்லை. குட்ரிட்ஜின் எதிரே பால் எரேரா என்ற மல்யுத்தக்காரர். காலைப் பிடிக்கப் பாய்ந்தார். குட்ரிட்ஜ் அவருடைய இரண்டு கைகளையும் சிலுவையில் அறைந்தாற்போலப் பூட்டிவிட்டு, முழங்கையால் பொட்டில் இடித்தார். ஓரிரு இடியிலேயே எரேராவுக்கு நினைவு தப்பிவிட்டது. நடுவர் வந்து இழுக்கும்வரை இடி நிற்கவில்லை. மொத்தம் 13 விநாடி.

குட்ரிட்ஜ் புத்தர் அல்ல என்பதைச் சொல்லிவிடத்தான் இவ்வளவு விவரம். அவர் அடித்தார், நன்றாகவே அடித்தார், கூட்டம் கத்தியது, அவருக்கு அது பிடித்திருந்தது. கொடுத்ததைத்தான் வாங்கினார் என்று சிலர் சொல்வார்கள். சரி. எரேராவுக்குக் குட்ரிட்ஜ் கொடுத்தார், குட்ரிட்ஜுக்கு வேறு பலர் கொடுத்தார்கள், அந்தக் கணக்கு நேராகிவிட்டது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் ஓர் அடியும் வாங்காமல் கல்லாவில் உட்கார்ந்திருந்தவர்களின் கணக்கைத்தான் நான் கேட்கிறேன்.

அந்த ஆண்டுதான் அரிசோனாவின் செனட்டர் ஜான் மெக்கெய்ன் இந்தச் சண்டையை 'மனிதச் சேவற்கட்டு' என்று திட்டி, இதைத் தடை செய்யுங்கள் என்று ஐம்பது மாநில ஆளுநர்களுக்கும் கடிதம் எழுதினார். நல்ல மனிதர், பாவம், சேவற்கட்டு தெரியாதவர். தெரிந்திருந்தால் சேவலை இப்படி அவமதித்திருக்க மாட்டார். நம் பக்கத்துச் சேவற்கட்டில் இடையிடையே தண்ணீர் காட்டுகிற நேரம் உண்டு. சொந்தக்காரன் சேவலைத் தூக்கி மடியில் வைத்து, வாயில் தண்ணீர் எடுத்து முகத்தில் ஊதி, இறக்கையை விரித்துக் காயம் பார்ப்பான். சேவல் தோற்றால் அது கோச்சை. ஜெயித்தவன் எடுத்துப்போய்க் குழம்பு வைத்துவிடுவான். கோச்சைக்கறிக்குத் தனி மவுசு வேறு. கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு சேவலை ஒருமுறைதான் குழம்பு வைக்க முடியும். குட்ரிட்ஜின் எம்.எம்.ஏ. கணக்கு 23 வெற்றி, 22 தோல்வி, ஒன்று சமன். இருபத்திரண்டு முறை கோச்சையாக்கி, இருபத்திரண்டு முறை குழம்பு வைத்து, ஒவ்வொரு முறையும் எலும்பையெல்லாம் கூட்டித் தைத்து மறுபடியும் களத்தில் விட்டார்கள். கே-1 என்ற உதைச்சண்டைப் போட்டிகளில் வாங்கியது இதில் சேராது. அது தனி அடுப்பு, தனிக் குழம்பு.

மெக்கெய்னின் கூச்சலால் கேபிள்காரர்கள் கைவிட, யு.எஃப்.சி. நொடித்துப் போனது. அந்த நேரத்தில் ஜப்பான் கதவைத் திறந்தது. 1997 அக்டோபரில் டோக்கியோ டோமில் 'பிரைட்' என்ற போட்டியின் முதல் நிகழ்ச்சி. அதில் குட்ரிட்ஜ் ரஷ்யரான ஒலெக் டாக்டரோவை ஒரே குத்தில் கட்டையாகச் சாய்த்தார். ஜப்பானியர்களுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பிரைட் போட்டியில் முதல் சுற்று பத்து நிமிடம். கீழே விழுந்து கிடப்பவனின் தலையைப் பந்தை உதைப்பதுபோல் உதைக்கலாம், மிதிக்கவும் செய்யலாம். பண்பாடு மிக்க நாடு என்று நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிற நாடுதான். அரங்கம் அமைதியாக உட்கார்ந்து கலைநயத்தோடு ரசிக்கும். நல்ல மிதிக்கு மரியாதையாகக் கைதட்டும்.

குட்ரிட்ஜின் சிறப்புத் தகுதி, கூப்பிட்டால் வருவார் என்பதுதான். நாள் குறைவாக இருந்தாலும் வருவார். எதிராளி யார் என்று பார்க்க மாட்டார். 2003 ஆகஸ்டில், பூமியிலேயே அபாயமான மனிதர் என்று அப்போது பேசப்பட்ட ஃபெடோர் எமிலியானென்கோவின் எதிரே கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஒரு நிமிடத்துக்குச் சற்றுமேல் தாக்குப்பிடித்தார். அதே ஆண்டு டிசம்பர் 31. ஜப்பானில் அந்த இரவு, மூன்று பெரிய தொலைக்காட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு மூன்று வெவ்வேறு ஊர்ச் சண்டைகளை ஒரே நேரத்தில் ஒளிபரப்பின. குடும்பத்தோடு உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டபடி பார்க்கும் புத்தாண்டுக் கொண்டாட்டம். சைதாமாவில் குட்ரிட்ஜ் தன் பழைய எதிராளி டான் ஃப்ரையை ஒரு நிமிடத்துக்குள், தலையில் விட்ட ஒரே உதையில் வீழ்த்தினார். 1996-இல் பயமோனில் தன்னை இறுதிச்சுற்றில் தோற்கடித்த அதே ஃப்ரை. ஓய்வு பெறுகிறேன் என்று அறிவித்துவிட்டு வந்த சண்டை அது. சினிமாக்காரன் எழுதியிருந்தால் அங்கே 'வணக்கம்' போட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பான்.

அனுப்பவில்லை. இன்னும் ஏழு ஆண்டு சண்டை போட்டார்.

ஏன் என்று கேட்கலாம். பணம், பழக்கம், பெயர், வேறு வேலை தெரியாமை எல்லாம் இருந்திருக்கும். அவர் மனத்துக்குள் புகுந்து பார்க்கிற வித்தை என்னிடம் இல்லை. ஆனால் அவரைக் கூப்பிட்டவர்களின் மனம் கண்ணாடி மாதிரித் தெளிவாகத் தெரிகிறது. புதிதாக ஒரு பையனை நட்சத்திரமாக்க வேண்டுமென்றால், பெயருள்ள ஒருவரை அவன் சாய்த்துக் காட்ட வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர் இருக்க வேண்டும், ஆனால் சாயவும் வேண்டும். முழுக்கச் செத்துப்போன பெயரும் உதவாது, இன்னும் எழுந்து நிற்கிற தெம்பும் கூடாது. இந்தப் பதவிக்கு அங்கே வாசல்காவலர் என்று பெயர். குட்ரிட்ஜின் வாழ்க்கை வரலாற்று நூலுக்கே அதுதான் தலைப்பு. பதவி உயர்வு இல்லாத, ஓய்வூதியம் இல்லாத, வாசல் என்னவோ தன் சொந்தத் தாடையாகவே இருக்கிற காவல் வேலை.

2009 டிசம்பர் 31. மறுபடியும் சைதாமா, மறுபடியும் புத்தாண்டுக் கொண்டாட்டம். எதிரே கெகார்ட் மூசாசி, வயது 24, அன்றைக்கு உலகின் முன்னணி வீரர்களில் ஒருவர். குட்ரிட்ஜுக்கு 43, இரண்டரை வாரத்தில் 44. முதல் சுற்றிலேயே முடிந்தது. இந்த ஜோடியை ஒரு காகிதத்தில் எழுதி, பக்கத்தில் இரண்டு வயதையும் போட்டு, கீழே கையெழுத்துப் போட்ட ஒருவர் இருந்திருப்பார் அல்லவா? ஒரு மருத்துவர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துச் சரி என்றிருப்பார் அல்லவா? ஒரு தொலைக்காட்சி அதிகாரி, நேரம் ஒதுக்கலாம் என்று தலையாட்டியிருப்பார் அல்லவா? அவர்களில் ஒருவருடைய பெயராவது வெளியே வந்ததா? அவர்கள் எல்லோருக்கும் ஞாபகசக்தி அமோகமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

ஒரு விஷயத்தை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. குட்ரிட்ஜ் ஹோண்டா தொழிற்சாலையிலேயே இருந்து, ஏதோ ஓர் இயந்திரம் அவருடைய சுண்டுவிரலை நசுக்கியிருந்தால், ஒன்டாரியோ மாகாணத்தில் அதற்குச் சட்டம் இருக்கிறது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தை 1914-லேயே போட்ட மாகாணம் அது. விரலுக்கு விலை உண்டு, முதுகுக்கு உண்டு, செவித்திறன் குறைந்தால் அதற்கும் உண்டு. கார் செய்கிறவனின் காதுக்கு நூறு ஆண்டுக் காவல். சண்டை செய்கிறவனின் மூளை மட்டும் அவன் சொந்தப் பொறுப்பில் கொண்டுவருகிற மூலப்பொருள்.

அதே ஒன்டாரியோ தொழில்முறை எம்.எம்.ஏ.வுக்கு நெடுங்காலம் அனுமதி தரவில்லை. நாகரிகமான மாகாணம். பிறகு நாகரிகம் போதும் என்று முடிவெடுத்து, 2011 பிறந்ததும் அனுமதித்தது. அந்த ஏப்ரல் 30-ஆம் தேதி டொரொன்டோவின் மூடிய விளையாட்டரங்கில் யு.எஃப்.சி. போட்டி நடந்தது. 55,000 பேருக்குமேல் கூடினார்கள். டிக்கெட் வசூல் மட்டும் 1.2 கோடி டாலரைத் தொட்டது. குட்ரிட்ஜ் வளர்ந்த பாரியிலிருந்து காரில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத் தொலைவு. அதற்கு முந்தைய ஆண்டோடு அவருடைய சண்டைகள் முடிந்துவிட்டன. அடுத்த ஆண்டு நோய் தெரிந்தது. மாகாண அரசு விருந்துக்கு இலை போட்டபோது, பரிமாறிப் பரிமாறிக் கை ஓய்ந்தவர் பின்வாசல் வழியாகப் போயிருந்தார்.

இந்த நோய் ஏதோ எதிர்பாராமல் வந்த புது வியாதி என்று யாரும் கண்ணீர் விட வேண்டாம். 1928-லேயே ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர், அடிபட்டு அடிபட்டுக் குத்துச்சண்டைக்காரர்கள் குடிகாரர்களைப்போலத் தள்ளாடுவதையும் குழறுவதையும் எழுதி, அந்நாட்டின் முதன்மையான மருத்துவ இதழில் வெளியிட்டார். காந்தி உப்பு எடுக்கப் போவதற்கு இரண்டு ஆண்டு முன்பு. குட்ரிட்ஜ் பிறப்பதற்கு 38 ஆண்டு முன்பு. ஆகவே தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும், ஆனால் நிரூபிக்க முடியாது என்று சொல்லலாம், அதைத்தான் சொல்கிறார்கள். தொடர் தலைக்காயத்தால் வரும் இந்த மூளைச் சிதைவை ஐயமில்லாமல் உறுதிப்படுத்த, இறந்தபின் மூளையை அறுத்துப் பார்க்க வேண்டும். நோயாளி இருக்கும்வரை நோய் உறுதியில்லை. நோய் உறுதியாகும்போது நோயாளி இல்லை. இப்படி ஓர் ஏற்பாட்டை எந்த வக்கீலாலும் வரைந்து கொடுத்திருக்க முடியாது. இயற்கையே நிறுவனத்தின் பக்கம் வாதாடுகிறது, அதுவும் கட்டணம் இல்லாமல்.

ஆராய்ச்சிக்கு நன்கொடை கொடுக்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். சண்டைக்காரர்களின் மூளையை ஆண்டுதோறும் அளக்கும் ஆய்வு ஒன்று லாஸ் வேகாஸில் 2011 முதல் நடக்கிறது. அதற்கு யு.எஃப்.சி.யும் பணம் தருகிறது. எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்று அளக்கப் பணம் உண்டு. தேய்ந்தவனுக்கு?

இனி சொத்து கைமாறிய கதை. குட்ரிட்ஜை 1996-இல் மேடையேற்றிய நிறுவனம், 2001 ஜனவரியில் யு.எஃப்.சி.யை லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிக் குடும்பத்துச் சகோதரர்கள் இருவருக்கும் அவர்களுடைய கூட்டாளி டேனா வைட்டுக்கும் 20 லட்சம் டாலருக்கு விற்றது. அவர்கள் 2007-இல் ஜப்பானின் பிரைட் போட்டியையும் வாங்கினார்கள். நடத்துவதற்காக வாங்கியதாகச் சொன்னார்கள், நடத்தவில்லை. பழைய சண்டைகளின் ஒளிப்பதிவுகள் மட்டும் அலமாரிக்கு வந்து சேர்ந்தன. கே-1 போட்டியை நடத்திவந்த நிறுவனமோ 2012-இல் திவாலானது. குட்ரிட்ஜுக்கு நோய் தெரிந்த அதே ஆண்டு. எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! அடித்த அடிக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் ஒருவர் விற்றுவிட்டுப் போய்விட்டார், ஒருவர் மூடிவிட்டார், ஒருவர் திவால். வாங்கியவர்கள் பெயரை வாங்கினார்கள், முத்திரையை வாங்கினார்கள், படச்சுருளை வாங்கினார்கள். நம்மூரில் அப்பன் சொத்தை எடுத்துக்கொள்கிறவன் அப்பன் கடனையும் கட்ட வேண்டும் என்று பஞ்சாயத்தில் உட்காரவைத்துச் சொல்வார்கள். அங்கே சொத்தையும் கடனையும் பிரித்தெடுக்கத் தெரிந்த கணக்குப்பிள்ளைகள் இருக்கிறார்கள். குட்ரிட்ஜின் குத்து சொத்து. குட்ரிட்ஜ் கடன்.

20 லட்சத்துக்கு வாங்கியதை 2016-இல் 400 கோடி டாலருக்கு விற்றார்கள். பதினைந்தே ஆண்டில் இரண்டாயிரம் மடங்கு. 2025-இல் அமெரிக்க ஒளிபரப்பு உரிமை மட்டும் ஏழு ஆண்டுகளுக்கு 770 கோடி டாலருக்குப் போனது. மெக்கெய்ன் கூச்சலிட்ட காலத்திலிருந்து சண்டையில் சில விதிகள் வந்திருக்கின்றன, எடைப் பிரிவு வந்திருக்கிறது, கையுறை வந்திருக்கிறது. வராதது ஒன்றுதான். அமெரிக்கக் கூடைப்பந்தில் வருமானத்தின் சரிபாதிக்கு அருகே ஆட்டக்காரர்களுக்குப் போகிறது. அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது. யு.எஃப்.சி.யில் சண்டைக்காரர்களுக்குப் போனது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அவர்களுக்குச் சங்கம் இல்லை. வந்ததற்கு ஒரு கூலி, ஜெயித்தால் இன்னொரு கூலி. தோற்றவனுக்குத்தான் மருத்துவச் செலவு அதிகம், அவனுக்குத்தான் பாதிக் கூலி. கூட்டல் கழித்தல் தெரிந்த யாரோ யோசித்து வைத்த முறை.

குட்ரிட்ஜ் பழைய காலத்து ஆள், அப்போது எல்லாமே காட்டுத்தனம், இப்போது நிர்வாகம் சீராகிவிட்டது என்று ஒரு வாதம் வரும். வரட்டும். வட கரோலினாக்காரரான ஸ்பென்சர் ஃபிஷரைப் பார்ப்போம். 2005 முதல் 2012 வரை யு.எஃப்.சி.யிலேயே 17 சண்டை. காட்டுக்காலம் முடிந்து சூட்டுக் கோட்டு வந்த காலம். ரத்தம் வழிய நின்று குத்துவார். அவரும் சாம் ஸ்டவுட்டும் மோதினால் கூட்டம் எழுந்து நிற்கும். சண்டைக்கு முந்தைய மருத்துவச் சோதனையில் அவருடைய மூளையில் புண்கள் இருப்பது தெரிந்தது. இனி சண்டை கிடையாது என்றார்கள். மாதம் 5,000 டாலர் கொடுத்தார்கள். நிறுவனத்தின் தூதர் என்ற மாதிரி ஒரு பதவியாம். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொள்ளாத கருணை. நிறுவனம் 400 கோடிக்குக் கைமாறிய அடுத்த ஆண்டு, 2017-இல், அந்த 5,000 நின்றது. 400 கோடியில் அந்த மாதப் பணத்தை எத்தனை ஆயிரம் ஆண்டு கொடுக்கலாம் என்று பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமாகக் கொடுங்கள். நல்ல வகுத்தல் கணக்கு. 2021-இல் ஃபிஷரின் நிலைமை செய்தியாக வந்தபோது டேனா வைட்டிடம் கேட்டார்கள். இவர் முதல் ஆளுமில்லை, கடைசி ஆளாகவும் இருக்கப்போவதில்லை, இதெல்லாம் இந்த வேலையோடு சேர்ந்ததுதான் என்கிற பொருளில் பதில் சொன்னார். அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. வேலையோடு சேர்ந்ததுதான். வேலையோடு சேர்ந்தது சம்பளத்தோடு ஏன் சேரவில்லை என்று கேட்கத்தான் அங்கே ஆள் இல்லை.

ஏனென்றால் அவர்கள் யாரும் வேலைக்காரர்கள் இல்லையாம். சுதந்திர ஒப்பந்ததாரர்கள். எவ்வளவு சுதந்திரம் என்று கேளுங்கள். வேறு எந்தப் போட்டியிலும் சண்டை போடக் கூடாது. 2015 முதல் நிறுவனம் கொடுத்த சீருடையைத்தான் போட வேண்டும். சொந்தமாக விளம்பரதாரர் பிடித்துக் கால்சட்டையில் பெயர் ஒட்டிச் சம்பாதித்ததை நிறுத்திவிட்டார்கள். ஊக்கமருந்துச் சோதனைக்காக இன்றைக்கு எங்கே இருக்கிறோம், இரவு எங்கே தூங்குகிறோம் என்று சொல்லிவைக்க வேண்டும்; விடியற்காலையில் கதவைத் தட்டிச் சிறுநீர் கேட்பார்கள். சட்டை அவர்களுடையது, சிறுநீர்கூட அவர்கள் கேட்டால் கொடுக்க வேண்டியது. மூளை வீங்கும்போது மட்டும் அது தனிநபர் தொழில்முனைவு. குத்துச்சண்டைக்காரர்களைத் தரகர்களிடமிருந்து காக்க அமெரிக்க நாடாளுமன்றம் 2000-இல் முகமது அலியின் பெயரில் ஒரு சட்டம் போட்டது. அது இவர்களுக்குப் பொருந்தாது. கையுறை கனமாக இருந்தால் சட்டம் உண்டு, மெலிதாக இருந்தால் கிடையாது.

சிலர் வழக்குப் போட்டார்கள். 2014 டிசம்பரில் கங் லீ, நேட் குவாரி, ஜான் ஃபிட்ச் ஆகியோர் தொடங்கியது: சந்தையை ஒரே கையில் வைத்துக்கொண்டு எங்கள் கூலியை அமுக்குகிறீர்கள் என்று. பத்து ஆண்டு இழுத்தது. 33.5 கோடி டாலருக்கு முடித்துக்கொள்ளலாம் என்று இரு தரப்பும் கை குலுக்கியபோது, இது போதாது என்று நீதிபதியே தூக்கிப் போட்டார், பிறகு 37.5 கோடிக்கு முடிந்தது. ஏறக்குறைய 1,200 பேருக்குப் பங்கு. ஒருவர்மீதும் எந்தத் தவறும் நிரூபிக்கப்படவில்லை. சமரசம் என்றால் அப்படித்தான். 2010 டிசம்பர் 16-இலிருந்து 2017 ஜூன் 30-க்குள் அங்கே சண்டை போட்டவர்களுக்குத்தான் பணம். குட்ரிட்ஜ் யு.எஃப்.சி.யில் சண்டை போட்டது அதற்கு வெகுகாலம் முன்பு. பிந்திப் பிறந்திருக்கலாம், அவர் தப்புதான்.

நம்மையும் விட்டுவிட வேண்டியதில்லை. ராத்திரி பதினொரு மணிக்குப் படுக்கையில் கிடந்தபடி, ஒருவன் கண் சொருகி விறைத்து விழுகிற அரை நிமிடக் காட்சியைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறோம். அதற்குப் பின்னணியில் நம் கதாநாயகர்களின் அறிமுக இசையை ஒட்டிப் போடுகிற புண்ணியவான்களும் உண்டு. விழுந்தவன் பெயர் யாருக்கும் வேண்டாம். பெயர் தெரிந்தால் அவன் அப்புறம் என்ன ஆனான் என்ற கேள்வி வந்துவிடுமே.

2025 ஜூலையில் அமெரிக்க அதிபர் டிரம்ப் ஒன்றை அறிவித்தார். நாட்டின் சுதந்திரத்துக்கு 250 ஆண்டு நிறைவதைக் கொண்டாட, வெள்ளை மாளிகை வளாகத்திலேயே யு.எஃப்.சி. சண்டை நடத்தப்படும் என்றார். அவர் புதிதாக வந்த ரசிகர் அல்ல. 2001-இல் மற்றவர்கள் இடம் கொடுக்கத் தயங்கியபோது அட்லாண்டிக் சிட்டியில் தன் சூதாட்ட விடுதியில் இந்தப் போட்டிகளுக்கு இடம் கொடுத்தவர். ஒரு செனட்டர் தடை செய்யச் சொல்லிக் கடிதம் எழுதியதிலிருந்து அதிபர் மாளிகைப் புல்தரைக்கு வந்து சேர முப்பது ஆண்டு. வளர்ச்சிதான்.

அப்படியொரு விழாவில் வேலை செய்கிறவர்களை நினைத்துப் பார்க்கிறேன். வெள்ளை மாளிகைத் தோட்டக்காரர் புல்லைச் செதுக்கும்போது காலை வெட்டிக்கொண்டால், மத்திய அரசு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் 1916 முதல் இருக்கிறது. காவலுக்கு நிற்கும் அரசாங்கக் காவலர் தடுக்கி விழுந்தால் அதே சட்டம். சண்டை நடக்கும் கூண்டை முடுக்க வருகிற கம்பெனித் தொழிலாளியின் கையில் இரும்புக்குழாய் விழுந்தால் அவருக்கு மாநிலச் சட்டம். கேமராக்காரருக்குத் தொழிற்சங்கம் இருக்கக்கூடும். நடுவே நிற்கிற இரண்டு பேருக்கு அன்றைய காயத்தைத் தைக்கக் காப்பீடு கிடைக்கும். இருபது ஆண்டு கழித்துச் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடும் நாளுக்கு ஒன்றும் கிடையாது. தோட்டக்காரரும் காவலரும் இன்னும் முதலாளிக்குக் கட்டுப்பட்ட ஊழியர்கள். அன்றைக்கு அந்த வளாகத்தில் முழுச் சுதந்திரம் பெற்றவர்கள் அந்த இருவர் மட்டும்தான்.